தனி மிதிவண்டிப் பயணத்தில் மெதுவான நாள்: பெஸ்தாரி ஜெயாவில் நிற்பதா, கடந்து போவதா?

வாசகர் கேள்வி — 18 ஜூலை

தீபகற்ப மலேசியாவின் தெற்கே ஜொகூர் பாருவிலிருந்து வடக்கெல்லையில் பாடாங் பெசார் வரை தனியாக மிதிவண்டியில் போகத் திட்டமிட்டிருக்கிறேன். நாளொன்றுக்கு 80 கிலோமீட்டருக்குக் குறைந்தால் அந்த நாள் வீண் என்பது என் கணக்கு. கோலசிலாங்கூரை ஒட்டிய தோட்டப் பட்டணங்களில் செம்பனையும் லாரியும் தவிர வேறொன்றும் இல்லை என்கிறார்கள். அங்கே ஒரு நாளைச் செலவிட யாராவது காரணம் சொல்ல முடியுமா?

18 ஜூலை, இரவு

சொல்ல முடியும். முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். நெடும்பயணத்தில் மெதுவான நாளும் ஓய்வு நாளும் ஒன்றல்ல. ஓய்வு நாளில் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் துணி துவைக்கிறோம், உறங்குகிறோம், சங்கிலிக்கு எண்ணெய் போடுகிறோம். மெதுவான நாளில் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் எப்போது புறப்படுவது, எங்கே நிற்பது, எந்த நேரத்தில் சாலையை விட்டு ஒதுங்குவது என்பவற்றை நம் தொலைவுக் கணக்கிடம் விடாமல், நாம் போய்ச் சேர்ந்த ஊரின் வேலை நேரத்திடம் விட்டுவிடுகிறோம். அப்படி ஒரு நாளைக் கழிக்கத் தோட்டப் பட்டணத்தைப் போலப் பொருத்தமான இடத்தை மேற்குக் கரைச் சாலையில் நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்த ஊர்களின் நாள் விடியலுக்கு முன் தொடங்கி உச்சிவேளைக்குள் பாதி முடிந்துவிடுகிறது. வெயிலில் மிதிக்கிறவருக்கும் அதே நாள்தான் ஏற்றது.

நான் பேசுவது பெஸ்தாரி ஜெயாவைப் பற்றி. பழைய ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். கோலசிலாங்கூரிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இராது. உங்கள் கணக்கின்படி அது ஒரு நாளே ஆகாது. விவரமாக நாளை எழுதுகிறேன்.

19 ஜூலை

கோலசிலாங்கூரில் தங்கியிருந்தால், காலை ஐந்தரைக்கு எழுந்து ஆறரைக்குள் சாலையில் இருங்கள். தீபகற்பத்தில் இந்த மாதத்தில் கதிரவன் ஏழு மணிக்குப் பிறகே எழுகிறது. 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிச் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். அதனால் கடிகாரம் சொல்லும் காலைக்கும் வானம் சொல்லும் காலைக்கும் இடையே எப்போதும் ஒரு தாமதம் இருக்கிறது. அந்த இருட்டு வீணாவதில்லை. முன்விளக்கும் பின்விளக்கும் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போனால், சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய பகுதிகளில் காற்று குளிர்ந்திருக்கும், லாரிகள் இன்னும் புறப்பட்டிருக்க மாட்டா.

வழியில் கம்போங் குவாந்தான் இருக்கிறது. மின்மினிகளுக்காகப் பலரும் இரவில் படகேறும் இடம். ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் ஆண் மின்மினிகள் ஒரே சீராக ஒளிர்ந்து அடங்கும். முந்தைய மாலையே அதைப் பார்த்துவிட்டுக் கோலசிலாங்கூருக்குத் திரும்பி உறங்குவது நல்லது. அதற்காக இரவில் இந்தச் சாலையில் தனியாக மிதிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சாலை குறுகலானது, ஓரத்தில் ஒதுங்க இடம் இல்லாத வளைவுகள் உண்டு.

வெளிச்சம் வரும்போது இரு புறமும் செம்பனை நிற்கும். பார்க்க ஒன்றுமில்லை என்பவர்கள் இந்தக் காட்சியை விரைவுச்சாலையில் காரின் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தவர்கள் என்றே நினைக்கிறேன். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு ஒவ்வொரு நிரையும் தனித்தனியாகத் திறந்து மூடும். மரங்களை முக்கோண அமைப்பில் நடுவதால், எந்தப் பக்கம் திரும்பினாலும் நேரான ஒரு சந்து நீண்டு தெரியும். வெட்டிய மட்டைகளை ஒரு சந்து விட்டு ஒரு சந்தில் குவித்திருப்பார்கள். ஆண் பூ விரிந்த மரங்களைக் கடக்கும்போது சோம்பின் மணம் வரும். கார்க்காரர்கள் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. கம்பங்களின் மேல் பெட்டிகள் தெரிந்தால் அவை கூகைகளுக்கானவை. பழத்தைத் தின்னும் எலிகளை நஞ்சு வைத்துக் கொல்வதற்கு மாற்றாகக் கூகைகளைக் குடியமர்த்துகிறார்கள். சாலையோரத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூச்செடிகளைக் கண்டால், அவையும் அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல. கூட்டைச் சுமந்தபடி செம்பனை இலையை அரிக்கும் புழுக்களை அழிக்கும் குளவிகளுக்குத் தேன் கொடுப்பதற்காக நட்டவை.

எட்டரை மணிக்குள் ஊரை அடைந்து பசியாறுங்கள். நான் இந்திய முஸ்லிம் கடை ஒன்றில் ரொட்டி சானாயும் கோப்பியும் எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்கள் அமரும் மேசைக்குப் பக்கத்தில் இடம் பார்ப்பேன். அவர்கள் ஐந்து மணிக்கு எழுந்து பழகியவர்கள். அந்நேரத்துக்குள் இரண்டாவது கோப்பிக்கு வந்திருப்பார்கள். பக்கப் பைகள் தொங்கும் வண்டியைக் கண்டால் அவர்களே பேச்சைத் தொடங்குவார்கள்.

20 ஜூலை

மேலே ஒருவர், நாட்டின் முதல் செம்பனை கோலாகங்சாரில்தான் நடப்பட்டது, அதனால் அங்கே போவதே பொருள் உடையது என்று எழுதியிருக்கிறார். அவர் ரப்பர் தரும் பால்மரத்தையும் செம்பனையையும் ஒன்றாக்கிவிட்டார். கோலாகங்சாரில் 1877இல் நட்டவை பால்மரக் கன்றுகள். செம்பனையை வணிகப் பயிராக முதலில் நட்ட இடம் நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த ஊருக்கு அருகிலேயே இருக்கிறது: தென்னமரம் தோட்டம், 1917ஆம் ஆண்டு, நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இன்று தீபகற்பத்தின் நீளம் முழுவதும் நீங்கள் நிழலுக்கு ஒதுங்கப்போகும் செம்பனை அங்கேதான் தோட்டப் பயிராகத் தொடங்கியது. ஜொகூரிலிருந்து பல நாட்கள் இம்மரத்தின் இடையே மிதித்து வந்தவர், அது தொடங்கிய இடத்தை நெடுஞ்சாலையிலிருந்து சில கிலோமீட்டர் விலகிப் போகத் தயங்கித் தவறவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

22 ஜூலை

பெண் தனியாகப் போகலாமா என்று தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். நான் பெண், தனியாகத்தான் போகிறேன், ஐம்பதைக் கடந்தவள். என் வயது சில கதவுகளை எளிதாகத் திறக்கிறது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இருபது வயதுப் பெண்ணின் அனுபவம் வேறாக இருக்கக்கூடும்.

தோட்டப் பட்டணத்தில் யாரும் உங்களைக் கவனிக்காமல் விட மாட்டார்கள். “தனியாவா வந்தீங்க? வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லலயா?” என்ற கேள்வி பசியாறும் மேசையிலேயே வந்துவிடும். தொடக்கத்தில் அது எனக்குத் தொல்லையாகப் பட்டது. இப்போது அக்கேள்வியைப் பாதுகாப்பின் முதல் படியாகவே எடுத்துக்கொள்கிறேன். பதில் சொன்ன அடுத்த நிமிடமே, எந்தச் சாலையில் நாய்கள் அதிகம், எந்தப் பாலத்தருகே மண் லாரிகள் திரும்புகின்றன, எந்த வீட்டில் தண்ணீர் கேட்கலாம் என்பதெல்லாம் கேட்காமலே வரும். பெரும்பாலும் கடையின் மூத்த பெண் ஒருவர், “மத்தியானத்துக்கு இங்கயே வந்துடும்மா” என்று சொல்லிவிடுவார். நான் திரும்பி வருவேன் என்று ஒருவர் எதிர்பார்த்திருப்பது, கைப்பேசியில் இருப்பிடத்தைப் பகிர்வதைக் காட்டிலும் எனக்கு அதிகத் துணிவு தருகிறது. இரண்டையும் செய்யுங்கள்.

செம்பனைக் காட்டுக்குள் போகும் செம்மண் பாதைகள் தோட்ட நிர்வாகத்தின் தனிச்சொத்து. வாசலில் ஜாகா, அதாவது காவலாளி, இருந்தால் இறங்கி நின்று, பெயர் சொல்லி, அனுமதி கேட்டுப் போங்கள். மறுத்தால் திரும்பிவிடுங்கள். ஆள் இல்லாத வாசலுக்குள் நுழைவதை, ஆணோ பெண்ணோ, செய்யாமல் இருப்பதே முறை.

23 ஜூலை

சில நடைமுறைச் செய்திகள்.

செம்பனை மட்டையின் அடியில் முள் உண்டு. மட்டை காய்ந்த பிறகும் முள்ளின் வலிமை குறையாது. தோட்டப் பாதையில் மெல்லிய டயர் நிலைக்காது. 35 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலமும், உள்ளே முள் தடுப்புப் பட்டையும் இருந்தால் மன அமைதியோடு போகலாம். டியூப்பில் ஏறிய முள் முனை டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். பஞ்சர் ஒட்டும்முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்காவிட்டால் புதிய டியூப்பும் அதே இடத்தில் போகும்.

லாரியிலிருந்து சிந்திய உதிரிப் பழங்கள் வளைவுகளில் நசுங்கிக் கிடக்கும். எண்ணெய் வடிந்த தார்ச்சாலையில் மழைத் தூறலும் விழுந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் வழுக்கும்.

நாய்களிடம் வேகம் பலிக்காது. இறங்கி, வண்டியை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலானவை ஆர்வம் இழந்துவிடுகின்றன.

26 ஜூலை

இதை எழுத வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் நாளில், மண்டபத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அமர்ந்திருந்தேன். தோட்ட வேலைக்கு இப்போது பெரும்பாலும் இந்தோனேசியர்களும் வங்காளதேசத்தவர்களும் நேப்பாளிகளும் வருகிறார்கள். நம்மவர்களின் குடும்பங்கள் தோட்டத்து லயத்து வீடுகளை விட்டுத் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, போய்விட்டன. ஆனால் திருவிழாவுக்கு அவர்கள் ஷா ஆலாமிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் காரில் திரும்பி வருகிறார்கள். அப்படி வந்திருந்த வயதான அம்மா ஒருவர் என் அருகில் அமர்ந்து, நான் வந்த வழியைக் கேட்டார். செம்பனைக்குள் சோம்பு மணத்தை முகர்ந்ததாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது. இளம் பெண்ணாக இருந்தபோது தம் வேலையே அந்த மணத்துக்குள்தான் என்றார்.

செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் வெவ்வேறு குலைகளாக வருகின்றன. ஒரே காலத்தில் விரிவதில்லை. மலாயாவுக்கு வந்த செம்பனையோடு ஆப்பிரிக்காவிலிருந்து அதற்குரிய பூச்சி வரவில்லை. அதனால் பல தோட்டங்களில் பெண்கள் மரம் மரமாகப் போய், மகரந்தத்தை முகமாவுத் தூளோடு கலந்து, பெண் பூ விரிந்திருக்கும் சில நாட்களுக்குள் கையால் தூவ வேண்டியிருந்தது. 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டினத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். எலைடோபியஸ் கமெருனிக்கஸ் என்று அதற்குப் பெயர். ஆண் பூவின் மணம் அவ்வண்டை இழுக்கிறது. அங்கே தின்று, முட்டையிட்டு, மகரந்தத்தை உடலில் ஏந்திக்கொண்டு பெண் பூவுக்கும் போகிறது. குறுகிய காலத்திலேயே பெண்களின் அந்த வேலை இல்லாமல் போயிற்று. “பூச்சி வந்துச்சு, நாங்க உரம் போடப் போயிட்டோம்” என்று அந்த அம்மா சொன்னார். அவர் அதைக் குறையாகவும் சொல்லவில்லை, மகிழ்ச்சியாகவும் சொல்லவில்லை.

இதற்கு முன்பும் அந்த மணத்தைக் கடந்து பலமுறை மிதித்திருக்கிறேன். அது வண்டை அழைக்கும் மணம் என்று எனக்குத் தெரியும். ஒரு தலைமுறைப் பெண்களின் உழைப்பு அதற்குள் இருந்தது என்பது அந்த மண்டபத்தில் கூழ்க் கிண்ணத்தோடு அமர்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. 80 கிலோமீட்டர் திட்டத்தோடு வந்திருந்தால், அந்நேரம் நான் தஞ்சோங் காராங்கைத் தாண்டியிருப்பேன்.

27 ஜூலை

ரவாங் பக்கமிருந்து வருவது எப்படி என்று கேட்டவருக்கு: பத்து ஆராங் வழியாக வாருங்கள். அது நிலக்கரி ஊர். 1915 முதல் 1960 வரை சுரங்கம் இயங்கியது, பழைய செங்கல் கட்டுமானங்கள் இன்னும் நிற்கின்றன. கட்டண விரைவுச்சாலைகளில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை என்பதால் கைப்பேசி வரைபடம் காட்டும் வழியைப் புறப்படும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2 ஆகஸ்ட்

காலையில் மிதித்து உச்சிக்குள் நிறுத்திவிட வேண்டும் என்று முதல் குறிப்பில் சொன்னதற்கு வெயிலை மட்டும் காரணமாகக் காட்டினேன். யோசித்துப் பார்த்தால், தோட்டத்தின் வேலைமுறையில் அதைவிட வலுவான காரணம் இருக்கிறது.

பால்மரத்தின் காலத்தில், விடியலுக்கு முன்பே தலைவிளக்கோடு வெட்டுக்குப் போனார்கள். குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நெடுநேரம் வடியும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்து, பால் பிடிக்கும் மங்கு நிறையாது. என் அம்மா பால்வெட்டுக்காரர். எங்கள் வீட்டில் சமையல் அதிகாலை நான்கு மணிக்கு முடிந்துவிடும். இன்று பால்மரங்கள் இந்த வட்டாரத்தில் அரிதாகிவிட்டாலும், அம்மரம் ஏற்படுத்திய நேரப் பழக்கம் கடை திறக்கும் வேளையிலும் கோயில் மணி அடிக்கும் வேளையிலும் நிலைத்திருக்கிறது.

செம்பனைக்கு வேறொரு விதி. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுபோய் ஆவியில் வேகவைக்க முயல்கிறார்கள். பழம் அடிபட்டதும் அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கி, அமிலத்தன்மை ஏறி, தரம் இறங்கிவிடும். ஆகவே காலையில் வெட்டிய குலைகள் பிற்பகலில் லாரிகளில் ஏறி ஆலையை நோக்கி விரைகின்றன. ஓட்டுநருக்கு எடைமேடை வரிசையில் முந்த வேண்டிய அவசரம். சுமையோ தளும்பத் தளும்ப. அந்த நேரத்தில் அதே குறுகலான சாலையில் மிதிவண்டிக்கு இடமில்லை. லாரிக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. பழத்தின் வேதியியல் அவரை விரட்டுகிறது. நாம் பதினொன்றுக்கே ஒதுங்கிவிட்டால் இருவருக்கும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை இந்த அவசரம் பெரிதும் தணிந்திருக்கும். மெதுவான நாளை ஞாயிறாக வைத்துக்கொள்ள முடிந்தால் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் சற்று மிதிக்கலாம். ஏழரை வரை வெளிச்சம் இருக்கும். ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டிய பருவ மாற்றக் காலத்தில் அதையும் நம்ப வேண்டாம், பிற்பகல் இடிமழை ஏறக்குறைய நாள்தோறும் வரும். இப்போது நடக்கும் தென்மேற்குப் பருவத்தில் வேறொரு தொல்லை உண்டு: சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து விடியலுக்கு முன்னோ காலையிலோ வரும் பெருங்காற்று. மேற்கு வானில் கருமேகம் வரிசையாக எழுந்தால் புறப்பாட்டை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

உச்சியிலிருந்து மாலை வரை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். வாழையிலைச் சாப்பாடு, கோயில் மண்டபத்தில், கேட்டுக்கொண்டு, ஒரு மணி நேர உறக்கம், மோர் கிடைத்தால் மோர், இல்லாவிட்டால் இளநீரோடு ஒரு சிட்டிகை உப்பு, நாட்குறிப்பு எழுதுதல். இடையில் யாராவது வந்து பேசினால் எழுதுவதை நிறுத்திவிடுங்கள்.

தங்குமிடத்தை ஊருக்குள் நம்பி வராதீர்கள். விடுதி வேண்டுமானால் கோலசிலாங்கூருக்குத் திரும்புவதுதான் உறுதியான வழி, தொலைவு குறைவுதான்.

9 ஆகஸ்ட்

முதலில் கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார்: ஒரு நாளைத் தருகிறேன், ஆனால் இழந்த தொலைவை எங்கே ஈடுசெய்வது?

அடுத்த நாளே ஈடாகிவிடும். கோலசிலாங்கூரிலிருந்து ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் வடக்கே தெலுக் இந்தான் வரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர். தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார், சபாக் பெர்ணாம் என்று வழி முழுவதும் சமதளம். மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலங்கள்தான். தஞ்சோங் காராங்கிலிருந்து வயல்களை ஒட்டிய பாசனக் கால்வாய்ச் சாலைக்கு மாறிவிட்டால் லாரிகளும் குறையும். நெல் அறுவடைக் காலமாக இருந்தால் எந்திரங்கள் சாலையில் இறக்கிய சேற்றுக் கட்டிகளைக் கவனியுங்கள். செகிஞ்சானில் பசியாறி, வெயில் ஏறும்முன் சபாக் பெர்ணாமைத் தொடுங்கள். அங்கே மாலை நான்கு வரை நிழலில் இருந்துவிட்டு, பெர்ணாம் ஆற்றைக் கடந்து ஊத்தான் மெலிந்தாங் வழியாகப் போனால் இருட்டும் முன்பே தெலுக் இந்தானில் 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தின் கீழ் வண்டியை நிறுத்திவிடலாம். முந்தைய நாள் மெதுவாக மிதித்த கால்களுக்கு இந்த 100 கடினமாக இராது. ஊத்தான் மெலிந்தாங்கைச் சுற்றியும் தோட்டங்கள்தான். பிற்பகல் லாரிகளைப் பற்றி எழுதியது அங்கேயும் பொருந்தும் என்பதால், மெதுவான நாளை ஞாயிறாக வைக்காதபோது அந்தக் கடைசிப் பகுதியை ஞாயிறன்று கடக்கும்படி நாட்களை அமைத்துக்கொள்ளுங்கள்.